குவிந்த நிரலில் ஒரு வரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இறம்பொடையில் மழை வலுத்தால் மண்சரிவுப் பயமும் கூடவே வரும். இடம்பெயர்ந்தோர் முகாம்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று அங்குள்ள மாணவி ஒருத்தி அறிய விரும்பினால், தூரம் போக வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலேயே பிறந்தது 'சஹானா' என்ற அத்தகைய மென்பொருள். அதன் நிரல், நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

ஆனால் கோப்புகள் ஏராளம். முகாம் பகுதிக்குரிய கோப்பின் பெயரோ 'சிஆர்' என்ற இரண்டே ஆங்கில எழுத்து. பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாது. உள்ளடக்கத்தில் 'ஷெல்டர்' (தங்குமிடம்) என்று மட்டும் தேடினால் மொழிபெயர்ப்பு, சோதனைக் கோப்பு எல்லாம் வந்து கொட்டும். ஆகவே தேடலை இறுக்க வேண்டும்: சஹானாவின் நிரல் களஞ்சியம் மட்டும், பைத்தான் மொழி மட்டும், சோதனை, மொழிபெயர்ப்பு அடைவுகள் வேண்டாம். சொல் பாதிதான் தெரியும் என்றால் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' கைகொடுக்கும். அது எழுத்துகளின் ஒழுங்கைச் சொல்லும் சூத்திரம்.

இவ்வளவும் நொடியில் எப்படி? கணனி ஒவ்வொரு கோப்பையும் அப்போது திறந்து படிப்பதில்லை. முன்கூட்டியே நிரலை மூன்று மூன்று எழுத்தாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோப்பில் உண்டு என்று அட்டவணை போட்டுவிடுகிறது. 'மண்சரிவு' என்றால் 'மண்ச', 'ண்சரி', 'சரிவு'. மூன்றும் உள்ள கோப்புகளை மட்டுமே பிறகு திறந்து சரிபார்க்கும். கூகுள் 2006இல் தொடங்கிய நிரல் தேடல் இந்த உத்தியில்தான் ஓடியது. கிட்ஹப் 2023இல் எல்லோருக்கும் திறந்த தேடல், துண்டின் நீளத்தை மாற்றி அதை இன்னும் கூர்மையாக்கியது.

மலையகத்து மாணவர்களே, முயன்று பாருங்கள். நிரலுக்குள் தேட கிட்ஹப்பில் ஒரு கணக்குத் திறந்தால் போதும், கட்டணம் இல்லை.