ஆறு வயதுக்கு முன்னே!

"சின்னப் பிள்ளைதானே, பள்ளிக்கூடத்தில் போட்டால் தானாகப் படித்துக்கொள்கிறது" என்கிறார்கள் தோழர்கள் பலர். படிப்பு பள்ளி வாசற்படியிலா துவங்குகிறது? இல்லை என்கிறோம் நாம்!

எழுத்தைக் கண் அறியுமுன் சொல்லைக் காது அறிய வேண்டும். கதையும் பாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்து எளிதில் வசப்படும். பேச்சுக்கு ஆளில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கோ, 247 எழுத்தும் 247 முள்!

வசதி படைத்தவர் வீட்டில் மூன்று வயதிலேயே படப் புத்தகம் வந்துவிடுகிறது. கூலிக்காரர் வீட்டில்?

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. ஆறு வயதுக்குக் கீழே? அரசு முயல வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்! அதையும் உரிமையாக்கு என்று கேட்கிறோம்.

அதுவரை கைகட்டி நிற்பதா? 1975-இல் துவங்கிய திட்டத்தில் வந்தவை அங்கன்வாடிகள். சோறு போடுவதோடு, 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முந்திய கல்வி தருவதும் அவற்றின் கடமை. உங்கள் தெருவில் அது நடக்கிறதா? நேரில் போய்ப் பாருங்கள். ஊழியர் இல்லையா, இடம் இல்லையா? அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்.

வேலை முடிந்து வீடு திரும்பும் தோழர்களே! நீங்கள் எழுத்தறியாதவராயினும் கவலையில்லை. கால்மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு, பிள்ளையைப் பேச விடுங்கள்.

உழைப்பவர் வீட்டுப் பிள்ளை பின்தங்குவது தலைவிதி அல்ல. மாற்ற முடியும், மாற்றுவோம்!