சைக்கிளில் சென்றவரும் சமாதானப் பத்திரமும்



என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் நான்காக மடிக்கப்பட்டுக் கிடக்கிறது. அதை எழுதியவன் நானே. அது 2023-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எழுதப்பட்டது. அதில் இருபதாயிரம் ரூபாய் என்று எண்ணாலும் எழுத்தாலும் குறித்திருக்கிறேன். கீழே இரு தரப்பாருக்கும் சாட்சிகளுக்கும் இடம் விட்டிருக்கிறேன். ஒருவரும் கையொப்பமிடவில்லை. கையொப்பம் விழாமற்போனது ஆண்டவர் செய்த உபகாரம் என்று இன்று நினைக்கிறேன்.

எங்கள் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர், வயது நாற்பத்திரண்டு, விடியுமுன் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டார். தேநீர்க் கடையைத் தாண்டும் வேளையில், பின்னால் வந்த சரக்கு வேன் ஒன்று அவரை இடித்துத் தள்ளிவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. வேனை ஓட்டிய இளைஞன் ஓடிவிடவில்லை. அவனே அவரைத் தூக்கி ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தான். ஆனால் அங்கே பதிவு செய்பவர் கேட்டபோது, "சைக்கிளில் இருந்து தவறி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டான். வலியில் மயங்கிக் கிடந்தவருக்கு இது தெரியாது. பதறி ஓடிவந்த உறவினரும், போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என அஞ்சி, அதை மறுத்துரைக்கவில்லை.

மூன்றாம் நாள் வேனின் உரிமையாளர் என்னிடம் வந்தார். பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர். தேர்த் திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுக்கும் நல்ல மனிதர். "சாமி, நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்றார். எனக்கும் அது உகந்ததாகவே பட்டது. வழக்காடுவதினும் சமாதானமாவது மேல் என்று எத்தனை மறையுரைகளில் பேசியிருக்கிறேன்! தாளை எடுத்து எழுதினேன். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போயிற்று. காவல் நிலையத்துக்கு ஒருவரும் போகவில்லை.

கையொப்பமிட வேண்டிய நாளில் கொத்தனாரின் மனைவி வந்தார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "சாமி, அந்தப் பையனை நாங்க மன்னிச்சாச்சு. கால் கூடுற வரைக்கும் எங்க வீட்டு வாடகையை யாரு மன்னிப்பா?"

இறையியல் படித்த நான் விடை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர் ஒருவர், நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், அன்று தற்செயலாக உடனிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா, சாமி?" என்றார். நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

சைக்கிள் மோட்டார் வாகனமன்று. அதற்கு ஓட்டுநர் உரிமமோ, பதிவோ, காப்பீடோ தேவையில்லை. அதனாலேயே நம்மவர் பலர், "நம்மிடம் ஒரு காகிதமும் இல்லையே, நாம் எப்படி நஷ்டஈடு கேட்பது?" என்று எண்ணிவிடுகின்றனர். காகிதம் இருக்க வேண்டியது இடித்த வாகனத்துக்கே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனமும் மூன்றாம் நபருக்கான காப்பீடு பெற்றிருக்க வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. அந்த மூன்றாம் நபர், சைக்கிளில் செல்கிறவரும் நடந்து செல்கிறவருமே. ஆகவே முறையான காப்பீடும் உரிமமும் இருக்குமானால், இழப்பீட்டைக் கொடுப்பது காப்பீட்டு நிறுவனமேயன்றி உரிமையாளரின் சட்டைப்பை அன்று. எனக்கு முன் அமர்ந்திருந்த அந்த நல்ல மனிதர், தாம் ஆண்டுதோறும் எதற்காகத் தவணை கட்டி வருகிறோம் என்பதையே உணராமல், இருபதாயிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அதற்கு எழுத்தராய் இருந்தேன்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. இழப்பீடு கேட்டால் ஓட்டியவன் சிறைக்குப் போவான் என்பது. காவல்துறை தொடுக்கும் குற்ற வழக்கு வேறு. காயமடைந்தவர் தொடுக்கும் இழப்பீட்டு மனு வேறு. இரண்டாவது மனு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யப்படுவது. விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, காயமடைந்தவர் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் அதைத் தாக்கல் செய்யலாம். வெளியூரில் அடிபட்டு வந்தவருக்கு இது பெரிய ஆறுதல். எவரையும் தண்டிப்பது அம்மனுவின் நோக்கமன்று. முறிந்த காலுக்கும் இழந்த கூலிக்கும் கணக்குப் பார்ப்பதே அதன் வேலை.

அந்தக் கணக்கை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற எழுத்தர் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எனக்குப் போட்டுக் காட்டினார். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கு எண்களை வகுத்தது. 41 முதல் 45 வயது வரை அந்த எண் 14. மாத வருமானம் பதினையாயிரம் ரூபாய் என்றும், நிரந்தர ஊனத்தால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு போய்விட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டு வருமானம் 1,80,000. அதில் முப்பது விழுக்காடு 54,000. அதைப் பதினான்கால் பெருக்கினால் 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, பட்ட வேதனை ஆகியவை இதற்குப் புறம்பானவை. எல்லோருக்கும் இத்தொகை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கணக்கின் போக்கைக் காட்டினேன். நான் எழுதிய தாளில் இருந்ததோ இருபதாயிரம்!

ஊனத்தின் அளவும் உழைப்பின் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடக்கூடும். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம் என்று நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். சாரத்தில் ஏறி நிற்க வேண்டிய கொத்தனாருக்குக் கால் என்ன மதிப்புப் பெறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆனால் அவர் கொத்தனார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். கூலிக்கு ரசீது யார் தருகிறார்கள்? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை எங்கள் கொத்தனாருக்குக் கைகொடுத்தது. நம் பங்கில் பலர் அதைப் புதுப்பிக்காமலேயே விட்டுவிடுகின்றனர்.

கொத்தனாரின் மனைவி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்றார். எழுத்தர் துணைக்குப் போனார். 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-அ உறுப்பு, பணமின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்கிறது. அதன் வழியாக வந்தது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், வருமான வரம்புக்குட்பட்ட எளியோர் ஆகியோருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட அளவிலும் இதற்கெனக் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியிலும் கேட்கலாம்.

இங்கே நம் மக்களுக்கு ஒரு குறிப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராக எண்ணப்படுவதில்லை. ஆதலால் அந்தப் பிரிவில் விண்ணப்பித்து, இல்லையென்று சொல்லக் கேட்டு, மனமுடைந்து திரும்பிய ஒருவரை நான் அறிவேன். அவர் வருமானச் சான்றிதழுடன் போயிருந்தால் உதவி பெற்றிருக்கலாம். அந்த ஆணையைப் பற்றிய என் வருத்தத்தை வேறொரு முறை எழுதுவேன். அதுவரையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வாசலில் நிற்கும் சிலரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் இத்தனை பங்கு" என்று சொல்லி, எழுதப்படாத வக்காலத்துத் தாளில் கைந்நாட்டு வாங்கிவிடுவர். தீர்ப்பில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களின் தொழில் நெறி விதிகளுக்கே முரணானது. நேர்மையான வழக்கறிஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் கட்டிலருகே வந்து நிற்பதில்லை.

வழக்குக்கு அடிப்படையே முதற்சில நாட்களில் விழும் எழுத்துத்தான். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எந்த வாகனம் எவ்விதம் இடித்தது என்று எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முறையிட்டவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும். நொறுங்கிய சைக்கிளை அவசரப்பட்டுப் பழுது பார்க்காதீர்கள், முதலில் படமெடுங்கள். எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், ஆட்டோவுக்குக் கொடுத்த வாடகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். சைக்கிளில் விளக்கில்லை, திடீரென்று திரும்பினார் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். உங்கள் பக்கமும் பிழையிருந்தால் அப்பங்குக்கேற்ப இழப்பீடு குறையும், உரிமையே போய்விடாது.

காலமும் முக்கியம். 2019-ஆம் ஆண்டின் திருத்தப்படி, 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி வந்துள்ளது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் முடிவைப் பார்த்துக்கொண்டிராமல் ஆறு மாதத்துக்குள் போய்விடுவதே அறிவுடைமை.

இடித்த வாகனம் நிற்காமல் போய்விட்டால்? அது எது என்றே தெரியாவிட்டால்? அதற்கும் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திட்டம் உண்டு. உயிரிழப்புக்கு இரண்டு லட்சமும், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் வழங்கப்படும். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டியதில்லை; வருவாய்த் துறையில் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கோ, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க ஏற்பட்டது. சாலையில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரை எந்த வழக்கும் சுற்றிக்கொள்ளாதபடி 2019-ஆம் ஆண்டின் திருத்தம் காப்பளிக்கிறது. தம் பெயரைச் சொல்லவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நல்ல சமாரியன் என்ற பெயரையே சட்டம் அவருக்குச் சூட்டியிருக்கிறது.

கொத்தனாரின் கதைக்கு வருகிறேன். முதல் தகவல் அறிக்கை பதிவானபோது விபத்து நடந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. பதிவேட்டிலோ "தவறி விழுந்தார்" என்றிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இவ்விரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டார். "உண்மையில் வேன் இடித்திருந்தால் பத்தொன்பது நாள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்பது அவர் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவன் நான்தான். அங்கியுடன் சாட்சிக் கூண்டில் ஏறி, சமாதானம் பேசித் தாமதப்படுத்தியது நானே என்று சொன்னேன். அந்த மடித்த தாளையும் காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. தேநீர்க் கடைக்காரர் தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். வேனின் உரிமையாளரும், அவருடைய புகழுக்காகச் சொல்கிறேன், இடித்தது தம் வண்டியே என்று ஒப்புக்கொண்டார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஏற்கப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே தொகையை ஏற்குமுன் நன்கு யோசிக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான தொகைக்கு இசைந்தார்கள். பத்தொன்பது நாள் தாமதம் இல்லாதிருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று அவர்களுடைய வழக்கறிஞர் என்னிடம் தனியாகச் சொன்னார். கொத்தனாரிடம் நானே அதைத் தெரிவித்தேன். அவர், "பரவாயில்லை சாமி" என்றார்.

அவர் இப்போது சாரம் ஏறுவதில்லை. பணத்தில் ஒரு பகுதி வங்கியில் வைப்பாக இருக்கிறது. மீதியில் வீட்டு முகப்பில் கம்பி, ஆணி, சுண்ணாம்பு விற்கும் சிறு கடை வைத்திருக்கிறார். சென்ற திருவிழாவுக்குத் தேர் சோடிக்க வந்த வேன்காரர், ஆணி வாங்க அந்தக் கடைக்குத்தான் போனார். இருவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கோவில் வாசலிலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.