ஏரியே ஆய்வுக்கூடம்

1960களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரி செத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கரையோரங்களில் பாசி அடர்ந்து கிடந்தது. அது மட்கும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து உயிரினங்கள் மடிந்தன. கழிவுநீரோடு வரும் சலவைத்தூளின் பாஸ்பேட்தான் பாசிக்கு உரமாகிறது என்றார்கள் அறிவியலாளர்கள் பலர். சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. கார்பன்தான் காரணம் என்று வாதிட்டார்கள். ஏரிநீரைக் குடுவைகளில் எடுத்துச் செய்த சில சோதனைகளும் அவர்கள் பக்கமே பேசின.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர் டேவிட் ஷிண்ட்லர். 1940இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் சூழலியலாளர் சார்லஸ் எல்டனிடம் பயின்றவர். 1968இல் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்குக் காடுகளில் சிறு ஏரிகள் பல ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டன. அங்கு ஆய்வுகளை வழிநடத்தும் பொறுப்பு முப்பது வயதைத் தொடாத ஷிண்ட்லரிடம் வந்தது. குடுவையை நம்பியிராமல், முழு ஏரியிலேயே சோதனை செய்வது அங்கே வகுத்துக்கொண்ட வழி.

திரை சொன்ன தீர்ப்பு

கார்பன் மிகக் குறைவாக இருந்த 227ஆம் எண் ஏரியில் 1969இல் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். கார்பனைச் சேர்க்கவில்லை. ஆனாலும் ஏரி பச்சையாகிவிட்டது. பாசிக்கு வேண்டிய கார்பன் காற்றிலிருந்தே நீருக்குள் வந்து சேர்ந்தது. குடுவைச் சோதனைகள் தவறவிட்டது இதைத்தான். திறந்த நீர்ப்பரப்புக்கும் காற்றுக்கும் ஓயாமல் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குக் குடுவையில் இடமில்லை.

1973இல் அடுத்த சோதனை. இடை சிறுத்த 226ஆம் ஏரியின் குறுகலான பகுதியில் திரை கட்டி, அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் கலந்த பாதியில் மட்டும் பாசி பொங்கியது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம், விளக்கமே தேவைப்படாத சாட்சியாக நின்றது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கும், கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கும் திட்டங்களுக்கும் அது வலுச்சேர்த்தது. ஈரி ஏரியும் மெல்லத் தேறியது.

பட்டினி கிடந்த மீன்கள்

அமில மழை மீன்களை எப்படிப் பாதிக்கிறது என்றறிய, 1976 முதல் 223ஆம் ஏரியில் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார் ஷிண்ட்லர். அமிலம் நேரடியாக டிரவுட் மீன்களைத் தாக்குவதற்கு முன்பே, அவை தின்னும் சிறு மீன்களும் இறால் போன்ற சிற்றுயிர்களும் அழிந்தன. இரையின்றி டிரவுட்கள் எலும்பும் தோலுமாயின. பெரிய மீன் உயிரோடிருப்பதால் மட்டும் ஏரி நலமாயிருப்பதாகச் சொல்லிவிட முடியாது என்பதை உலகம் அறிந்தது.

1989இல் ஷிண்ட்லர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1991இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதின் முதல் விருதாளரானார். அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஆல்பர்ட்டாவில் ஓடும் அத்தபாஸ்கா ஆற்றின் மாசு இயற்கையாகவே வருவது என்று, மணலிலிருந்து எண்ணெய் பிரித்தெடுக்கும் எண்ணெய் மணல் தொழில்துறையும் அரசும் சொல்லிவந்தபோது, ஷிண்ட்லர் குழு பனியையும் ஆற்றுநீரையும் சோதித்தது. அந்தத் தொழிலும் ஆற்றில் நச்சுப்பொருள் சேர்க்கிறது என்று 2009, 2010 ஆய்வுகளில் நிறுவியது. அதன்பின் கண்காணிப்பு முறையையே அரசுகள் மாற்றியமைக்க நேர்ந்தது. 2021இல் ஷிண்ட்லர் மறைந்தார்.

227ஆம் ஏரியின் சோதனை அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1990க்குப் பின் அதில் நைட்ரஜன் சேர்ப்பதையே நிறுத்தியும் பாசி ஓயவில்லை. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப்பாசிகள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடியும் ஆய்வு இதைக் காட்டியிருக்காது. ஆனால், 2012இல் கனடா அரசு இந்த ஆய்வுக் களத்துக்கான நிதியை நிறுத்த முடிவெடுத்தது. அறிவியலாளர்கள் போராடியதால் 2014இல் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் அது பிழைத்தது.

ஈரி ஏரியிலோ, வயல்களிலிருந்து வழியும் உரத்தால் பாசி திரும்பிவிட்டது. 2014இல் அந்த ஏரிநீரை நம்பியிருக்கும் டொலிடோ நகரத்தின் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. ஒருமுறை மீட்ட நீரையும் தொடர்ந்து காக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நீண்ட காலம் அளந்துகொண்டே இருக்கும் ஆய்வாளர்களும், அளந்ததை அஞ்சாமல் சொல்லும் துணிவும், அவர்களுக்கு இடையறாமல் நிதி தரும் அரசுகளும் வேண்டும்.