மைலுக்கு இத்தனை சென்ட்: எந்த மைலுக்கு?

‘மைலேஜ்’ என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லாரி ஓட்டுநருக்கோ அச்சொல் அவருடைய ஊதியத்தையே குறிக்கும். அங்கு நெடுந்தொலைவு சரக்கு லாரி ஓட்டுவோரில் பலருக்கு மாதச் சம்பளமும் இல்லை, மணிக்கூலியும் இல்லை. ஒரு மைலுக்கு இத்தனை சென்ட் என்றே கூலி பேசப்படுகிறது. ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். நூறு சென்ட் சேர்ந்தது ஒரு டாலர்.

எவ்வளவு தூரம் ஓட்டினாரோ அவ்வளவு கூலி. இதைவிட நேரான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தத் தூரத்தை அளப்பவர் யார், எந்த அளவுகோலால் அளக்கிறார் என்று வினவிப் பாருங்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மூவகை மைல்கள்

முதலாவது, வண்டி உண்மையாகவே ஓடிய தூரம். சக்கரத்தின் அச்சில் பொருத்திய கருவியோ, வண்டியின் தூரமானியோ இதைக் காட்டும். ‘ஹப் மைல்’ என்று இதனை அழைப்பர்.

இரண்டாவது ‘பிராக்டிகல் மைல்’. இதை நடைமுறை மைல் எனலாம். கனரக வண்டி செல்லத் தக்க சாலை எது, பாலத்தின் உயரமும் தாங்கும் எடையும் போதுமானவையா என்பவற்றைக் கருத்திற்கொண்டு, கணினி நிரல் ஒரு வழியை வகுத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ‘பி.சி. மைலர்’ என்பது இவ்வகை நிரல்களுள் ஒன்று.

மூன்றாவது ‘ஹவுஸ்ஹோல்டு குட்ஸ் மைல்’. ஓட்டுநர்கள் இதைக் ‘குறுமைல்’ என்னும் பொருளில் குறிப்பிடுவதுண்டு. இதன் வரலாறு அறியத்தக்கது. 1935ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கு வண்டித் தொழிலை அரசு ஆணையம் ஒன்றின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தம் கட்டணப் பட்டியலை அந்த ஆணையத்திடம் அளிக்க வேண்டியதாயிற்று. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்றால், இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் தொழிலினர் இதற்கெனத் தூர வழிகாட்டி நூல் ஒன்றை உருவாக்கினர். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதற்காகப் பிறந்த அந்த அளவு, நாளடைவில் ஓட்டுநருக்குக் கூலி கொடுக்கும் அளவாகவும் ஆயிற்று.

இம்முறையில் தூரம் கிடங்கிலிருந்து கிடங்குக்கு அளக்கப்படுவதில்லை. ஊருக்கோ அஞ்சல் எண் வட்டாரத்துக்கோ குறிக்கப்பட்ட ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிவரை, பெரும்பாலும் குறுகிய வழியாகவே கணக்கிடப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை எண்ணிப் பாருங்கள். அந்நகரின் துறைமுகம் நகர மையத்திலிருந்து 20 மைல் தெற்கே உள்ளது. நகரம் முழுவதற்கும் ஒரே புள்ளி என்று வைத்துக்கொண்டால், துறைமுகம்வரை ஓட்டும் அந்தத் தூரம் கணக்கில் ஏறாமலே போகக்கூடும்.

காசுக் கணக்கு

இதனால் எவ்வளவு வேறுபாடு வரும்? எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஓட்டுநர் ஒருவர் உண்மையில் 1,000 மைல் ஓட்டுகிறார் என்க. முதல் நிறுவனம் மைலுக்கு 60 சென்ட் தருகிறது. ஆனால் குறுமைல் கணக்கில் தூரம் 930 மைல்தான். கூலி 558 டாலர். இரண்டாவது நிறுவனம் 57 சென்ட் மட்டுமே தருகிறது. ஆயினும் நடைமுறை மைல் கணக்கில் தூரம் 990 மைல் வருகிறது. கூலி 564 டாலர் 30 சென்ட். விளம்பரத்தில் 60 சென்ட் என்று கண்டு முதல் நிறுவனத்தில் சேர்ந்தவர், குறைந்த வீதம் தருபவரிடம் சேர்ந்தவரைவிடக் குறைவாகவே பெறுகிறார்!

அதே முதல் நிறுவனத்தில் ஓராண்டில் ஓர் இலட்சம் மைல் ஓட்டினால், 7,000 மைல் கூலியின்றிப் போகிறது. 60 சென்ட் வீதம் அதன் மதிப்பு 4,200 டாலர். ஒரு குடும்பத்தின் பல மாத மளிகைச் செலவு அது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி ஓடிய தூரத்துக்கெல்லாம் கூலி என்றால், சுற்று வழியில் செல்பவருக்கு அதிகக் கூலியும், நேர்வழி தேர்ந்தவருக்குக் குறைந்த கூலியும் கொடுக்க நேரிடும், டீசலும் வீணாகும். மேலும், சரக்கின் உரிமையாளர் வழிகாட்டி நூலின் தூரத்துக்கே கட்டணம் தரும்போது, அதற்கு மேல் எப்படிக் கூலி தருவது என்று அவர்கள் கேட்கின்றனர். ஆனால் சாலை அடைப்பும், தாழ்வான பாலமும், கிடங்கின் தொலைவும் ஓட்டுநரின் குற்றமல்லவே. அளவில் நேரும் குறைவை எப்போதும் ஒரு தரப்பினரே தாங்குவது எவ்வாறு முறையாகும்?

அளக்கப்படாத நேரம்

மைலைச் சீராக அளந்துவிட்டாலும் இன்னொரு குறை எஞ்சுகிறது. சக்கரம் சுழலாத நேரத்துக்கு மைல் கணக்கில் மதிப்பே இல்லை. வண்டியைப் பரிசோதித்தல், சரக்கு ஏற்றி இறக்கும்வரை காத்திருத்தல், போக்குவரத்து நெரிசலில் நிற்றல் ஆகிய யாவும் அவருடைய உழைப்பு நேரமே. காத்திருப்புக்குப் பணம் தரும் இடங்களிலும், முதல் இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டுக் கணக்கிடுவது பரவலான வழக்கம்.

அங்குள்ள சட்டப்படி, சரக்கு லாரி ஓட்டுநர் 10 மணி நேர ஓய்வுக்குப் பின் பணி தொடங்கினால், அடுத்த 14 மணி நேரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். அதிலும் 11 மணி நேரமே ஓட்டலாம். கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் கழிந்தால், அன்று ஓட்டக்கூடிய மைல்கள் குறையும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவி இந்நேரத்தைப் பதிவு செய்கிறது. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்ற 1938ஆம் ஆண்டின் கூட்டரசுத் தொழிற்சட்ட விதியும், மாநிலம் கடந்து சரக்கேற்றிச் செல்லும் கனரக வண்டி ஓட்டுநருக்குப் பொதுவாகப் பொருந்தாது.

இழந்த நேரத்தை ஈடுசெய்ய ஓட்டுநர் விரையத் தலைப்பட்டால், ஆபத்து அவருக்கு மட்டுமன்று. அதே சாலையில் பிள்ளைகளுடன் செல்லும் நமக்கும்தான். ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்தே, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு தரும் வகையில் தூரத்தோடு ஊதியத்தைப் பிணைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 561ஆம் ஒழுங்குமுறையில் விதித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2016 ஜனவரி முதல், துண்டுக்கூலி முறையில் உழைப்போருக்கு இடைவேளைக்கும் பிற பணி நேரத்துக்கும் தனியே ஊதியம் தர வேண்டும் எனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 2016இல், வால்மார்ட் நிறுவனத்தின் கலிபோர்னிய ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், பரிசோதனை நேரம், இடைத்தங்கல் போன்றவற்றுக்கு ஊதியம் தராததற்காக ஐந்து கோடியே நாற்பது இலட்சம் டாலருக்கு மேல் வழங்குமாறு தீர்ப்பாயிற்று. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

கேட்டறிய வேண்டியவை

‘இஜாரா’ எனும் கூலி ஒப்பந்தத்தைப் பற்றி நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வேலை இன்னது, கூலி இவ்வளவு என்பது இரு தரப்பாருக்கும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. மைலுக்கு 60 சென்ட் என்று சொல்லிவிட்டு, எந்த மைல் என்பதைச் சொல்லாமல் விடுவது அந்தத் தெளிவை அளிக்குமா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே மைல் கூலிக்கு ஒப்பமிடுமுன் ஓட்டுநர் கேட்க வேண்டியவை சில உண்டு. எம்முறையில் தூரம் அளக்கப்படும்? எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை? வெறும் வண்டியாக ஓட்டும் மைலுக்குக் கூலி உண்டா? காத்திருப்புக்கு எந்த மணியிலிருந்து பணம்? பதில்களை எழுத்தில் பெறுவது நலம். வாரந்தோறும் தூரமானியின் கணக்கையும் கூலிச் சீட்டின் கணக்கையும் ஒப்பிட்டு வைத்தால், குறைவு எங்கே நேர்ந்தது என்பது புலப்படும்.

உங்கள் இல்லத்திலும் எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி பெறுவோர் இருக்கலாம். அவ்வாறு கூலி கொடுப்போரும் இருக்கலாம். பெறுபவர் அளவைக் கேட்டறியட்டும். கொடுப்பவர் கேட்கும்வரை காத்திராமல் தாமே எடுத்துரைக்கட்டும்.