டிக்கி பெரிது, வண்டி தாங்குமா?

'எஸ்டேட்' என்றதும் உங்களுக்கு நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் நினைவுக்கு வரலாம். பிரிட்டனில் 'எஸ்டேட் கார்' என்று ஒருவகைக் கார் உண்டு. அங்கே பெருநிலக்கிழார்களின் கிராமப்புறப் பண்ணை வீடுகளுக்கு வரும் விருந்தினரையும் அவர்களது மூட்டை முடிச்சுகளையும் இரயில் நிலையத்திலிருந்து ஏற்றி வருவதற்காக உருவானதால் இப்பெயர் வந்தது. அமெரிக்கர்கள் இதையே 'ஸ்டேஷன் வாகன்' என்றனர். கூரை பின்பக்கம் வரை நீண்டிருக்கும். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பின் இருக்கையை மடக்கினால் காருக்குள்ளேயே ஒரு சிறிய அறை கிடைத்துவிடும். நம் நாட்டிலும் 1992-இல் டாடா நிறுவனம் 'டாடா எஸ்டேட்' என்ற பெயரில் இத்தகைய காரை வெளியிட்டது.

பிரிட்டனில் கோடை விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் சைக்கிள்களையும் கூடாரத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பகுதிகளுக்குப் புறப்பட்டுவிடும். புதிய கார் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய எஸ்டேட் காரைத் தேடுவார்கள். தவறான காரைத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டுமா போகும்? மலைப்பாதை இறக்கத்தில் நால்வரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். சரியான காரைக் கண்டறியத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை, தாய், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன், மகள் என நால்வர். நால்வருக்கும் ஆளுக்கொரு சைக்கிள். மான்செஸ்டர் நகரிலிருந்து வடக்கே உள்ள ஏரி மாவட்டத்துக்குச் சென்று ஒரு வாரம் கூடாரத்தில் தங்கப் போகிறார்கள். அவர்கள் முன் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. 'அ' காரின் டிக்கி 650 லிட்டர். 'ஆ' காரின் டிக்கி 580 லிட்டர். எதை வாங்குவது? "அ காரைத்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்!

லிட்டர் சொல்லாத செய்தி

திடப்பொருள்களை ஏற்றும் டிக்கியை லிட்டரில் எப்படி அளக்கிறார்கள்? 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் உள்ள கட்டைகளை அடுக்கிப் பார்க்கிறார்கள். இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு கட்டையின் கன அளவு சரியாக 1 லிட்டர் வருவதைக் காணலாம். எத்தனை கட்டைகள் கொள்ளுமோ அத்தனை லிட்டர்.

ஆனால் சைக்கிள் சிறு கட்டைகளால் ஆனதல்லவே! 29 அங்குலச் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 74 செ.மீ. பின்கதவு சாய்வாக இறங்கும் காரில் லிட்டர் கணக்கு அதிகமாக இருந்தும் சக்கரம் நுழையாமல் போகலாம். 1974 முதல் 1993 வரை தயாரிக்கப்பட்ட வால்வோ 240 எஸ்டேட் கார் பெட்டிபோல் செங்குத்தான பின்புறம் கொண்டது. அழகு குறைவு என்று சிலர் கேலி செய்தாலும், சாமான் ஏற்றுவோர் அதை விரும்பியதற்கு அந்த வடிவமே காரணம். எனவே பழைய கார் பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவையும், முடிந்தால் சைக்கிளையும் கையோடு கொண்டுபோவதே நல்லது.

தகடு சொல்லும் உண்மை

ஒவ்வொரு காரிலும் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒரு சிறிய தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் வண்டியின் அடையாள எண்ணும், பெரும்பாலும் நான்கு எடைகளும் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, சுமையோடு வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, இழுவை வண்டியையும் சேர்த்த உச்ச எடை. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய உச்ச எடைகள்.

உச்ச எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். வெறும் வண்டியின் எடையில் எரிபொருளும், ஓட்டுநருக்காக 75 கிலோவும் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். 'ஆ' காரின் உச்ச எடை 1,920 கிலோ, வெறும் எடை 1,400 கிலோ. ஆகவே 520 கிலோ ஏற்றலாம். எஞ்சின் பெரிதாகவும் வசதிகள் அதிகமாகவும் உள்ள 'அ' காருக்கு இதே கணக்கில் 410 கிலோதான் வருகிறது.

இனி நம் குடும்பத்தின் சுமையைக் கூட்டுவோம். ஓட்டுநர் நீங்கலாக மூவர் 180 கிலோ. சைக்கிள் ஒன்றுக்கு 14 கிலோ வீதம் நான்கிற்கு 56. சைக்கிள் தாங்கி 18. கூடாரம், படுக்கை, அடுப்பு, நாற்காலிகள் 110. உணவு, தண்ணீர், துணிமணி 60. மொத்தம் 424 கிலோ. டிக்கி பெரிதாக இருந்தும் 'அ' கார் தோற்றுவிட்டது. 'ஆ' காரில் இன்னும் 96 கிலோவுக்கு இடமிருக்கிறது!

எங்கே ஏற்றுவது?

நால்வரும் அமர்ந்தால் பின் இருக்கையை மடக்க முடியாது. ஆகவே சைக்கிள்கள் வெளியேதான் பயணம் செய்ய வேண்டும். கூரையின் மேலா, வண்டியின் பின்னாலா?

கூரைக்கும் ஓர் உச்ச எடை உண்டு. 75 கிலோ என்று குறிக்கப்பட்ட கார்கள் பல. சைக்கிள் 14, அதன் தாங்கி 4, ஆக 18 கிலோ, நான்கிற்கு 72. குறுக்குச் சட்டங்கள் 6 கிலோ. மொத்தம் 78. அளவை மீறிவிட்டது! அளவுக்குள் இருந்தாலும் தொல்லை தீராது. சாமானும் ஆட்களும் சேர்ந்து 1,750 கிலோ உள்ள காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 2 மீட்டர் உயரத்தில் 78 கிலோவை வைத்தால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 6 செ.மீ. மேலே ஏறிவிடும். வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாயும்.

காற்றின் தடையும் கூடும். அத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 112 ஆக்கினால் வேகம் 1.4 மடங்குதான், காற்றுத் தடையோ ஏறக்குறைய 2 மடங்கு. எரிபொருள் வீணாவது இதனால்தான்.

வண்டியின் பின்னால் இழுவைக் கொக்கியில் தாங்கியைப் பொருத்தினால் காற்றுத் தடை குறைவு. ஏற்றி இறக்குவதும் எளிது. ஆனால் இங்கே நெம்புகோல் தத்துவம் குறுக்கிடுகிறது. 'ஆ' காரின் கொக்கி செங்குத்தாகத் தாங்கக்கூடிய எடை 75 கிலோ. நான்கு சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 74 கிலோ. மயிரிழையில் தப்பியது! இரண்டு சைக்கிள்களுக்குப் பதிலாக 24 கிலோ எடையுள்ள மின் சைக்கிள்களை மாட்டினால் 94 கிலோவாகிவிடும். அது கூடவே கூடாது.

இந்த 74 கிலோவும் பின் அச்சுக்கு 140 செ.மீ. பின்னால் தொங்குவதாகக் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 270 செ.மீ. பின் அச்சைச் சுற்றித் திருப்புத்திறனைக் கணக்கிட்டால், முன் அச்சிலிருந்து குறையும் எடை 74 × 140 ÷ 270, அதாவது சுமார் 38 கிலோ. அந்த 38-ம் பின் அச்சில் போய்ச் சேர்வதால் அதன் கூடுதல் சுமை 112 கிலோ! மொத்த எடை அளவுக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் அளவை மீறக்கூடும் என்பது இப்போது விளங்குகிறதா? தகட்டில் அச்சுகளுக்குத் தனித்தனி எடை குறித்திருப்பது இதற்காகவே.

முன் சக்கரங்கள் இலேசாகும்போது சாலைப் பிடிப்பு குறையும். வண்டியின் மூக்கு உயர்வதால் முன்விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். எனவே கனமான சாமான்களைப் பின் இருக்கையை ஒட்டித் தாழ்வாக வைக்க வேண்டும். படுக்கை போன்ற இலேசானவை கடைசியில் இருக்கலாம். சைக்கிள்கள் எண் தகட்டையோ விளக்குகளையோ மறைத்தால், இன்னோர் எண் தகடும் விளக்குப் பலகையும் பின்னால் பொருத்த வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம்.

இன்னோர் எச்சரிக்கை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் எதிலோ மோதி, 70 செ.மீ. நசுங்கி நிற்பதாக எண்ணுங்கள். அதன் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 14 மடங்கு. டிக்கியிலுள்ள 10 கிலோ பெட்டி, 140 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னே பாயும். ஆகவே பின் இருக்கையின் பூட்டு இறுக்கமாகப் பிடிக்கிறதா, சாமான் கட்டும் வளையங்களும் தடுப்பு வலையும் உள்ளனவா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையும் பிரேக்கும்

ஏரி மாவட்டத்திலுள்ள ஹார்ட்நாட் கணவாய்ச் சாலை பிரிட்டனின் மிகச் செங்குத்தான சாலைகளுள் ஒன்று. சில இடங்களில் மூன்று மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் ஏற வேண்டியிருக்கும். சுமையேற்றிய 'ஆ' காரின் எடை 1,824 கிலோ. அது 300 மீட்டர் கீழே இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 54 இலட்சம் ஜூல். அது 20 டிகிரி வெப்பநிலையிலுள்ள 16 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் சேரும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் அது கொதித்துக் குமிழிகள் உண்டாகும். அப்போது பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. எனவே குறைந்த கியரில் இறங்க வேண்டும். பழைய காரில் பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கவும் வேண்டும்.

பழைய வண்டியின் நாடி பிடித்தல்

பிரிட்டனில் மூன்று ஆண்டுகளான கார்கள் ஆண்டுதோறும் 'எம்.ஓ.டி.' என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். வட அயர்லாந்தில் இது நான்கு ஆண்டுகள். 1960-இல் இச்சோதனை தொடங்கியபோது பத்தாண்டான வண்டிகளுக்கே அது பொருந்தியது. 1967-இல் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. காரின் பதிவு எண்ணைக் கொண்டு, பழைய சோதனை முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிய தூரம் ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறியிருக்கிறதா? திடீரென்று குறைந்திருந்தால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கலாம். 'துரு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதா? அதையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனிக்கட்டி உருக உப்புத் தூவுகிறார்கள். உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், இரும்பு துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவுபடுகிறது. ஆகவே குனிந்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் நீர் தேங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வெறும் வண்டியே பின்பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி அமைய வேண்டும்; ஊஞ்சல்போல் ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. முழுச்சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் காரிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இழுவைக் கொக்கி ஏற்கெனவே பொருத்தியிருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கார் கனமான இழுவை வண்டிகளை இழுத்து உழைத்ததாக இருக்கலாம். ஏற்றத்தில் ஓட்டி, கிளட்ச் நழுவுகிறதா என்று பார்ப்பது அவசியம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், அதை மாற்றியதற்கான இரசீதைக் கேட்க வேண்டும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி, எஞ்சினே பாழாகிவிடும்.

இவ்வளவும் பார்த்து 'ஆ' காரை வாங்கிய குடும்பம், முதல் பயணத்துக்கு முன் முழுச் சுமையுடன் எடைமேடைக்குப் போவது நல்லது. முதலில் முன் சக்கரங்களை மட்டும், பிறகு முழு வண்டியையும் நிறுத்தி எடை பார்த்தால், பின் அச்சின் சுமை கழித்தலில் கிடைத்துவிடும். கணக்கு சரியா என்பதை அந்த மேடை சொல்லிவிடும்.

செய்து பாருங்கள்

உங்களிடம் கார் வேண்டாம், 30 செ.மீ. அளவுகோல் போதும். இரண்டு பென்சில்களை 18 செ.மீ. இடைவெளியில் வைத்து, அவை 3, 21 ஆகிய குறிகளுக்குக் கீழே வருமாறு அளவுகோலை அவற்றின்மேல் வையுங்கள். 12-ஆம் குறியில் மூன்று நாணயங்களை அடுக்குங்கள். முதல் பென்சிலுக்கும் அளவுகோலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி மெல்ல இழுத்துப் பாருங்கள். இனி 29-ஆம் குறியில் ஒவ்வொரு நாணயமாக வைத்து, ஒவ்வொரு முறையும் காகிதத்தை இழுங்கள். அது வரவர எளிதாக நழுவும். சைக்கிள்களின் பாரத்தால் முன் சக்கரங்கள் சாலைப் பிடிப்பை இழப்பதும் இப்படித்தான். எத்தனையாவது நாணயத்தில் அளவுகோலின் முன்முனை எழும்பும் என்பதை முதலில் கணக்கிட்டு, பிறகு வைத்துப் பாருங்கள். அளவுகோலுக்கும் எடை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்!