ஓடும் ஊர்தியும் குறி தவறா நோக்கும்

மாணவர்களே, நீங்கள் கரகாட்டம் கண்டிருப்பீர்கள். ஆடுபவரின் கால்கள் தாளத்திற்கேற்பத் துள்ளுகின்றன, இடை வளைகின்றது, உடல் சுழல்கின்றது. ஆயினும் தலைமேல் உள்ள கரகம் வீழ்வதில்லை. உடல் ஒருபுறம் சாயுந்தோறும் கழுத்து மறுபுறம் இசைந்து கொடுப்பதே அதற்குக் காரணம். பல்லாண்டுப் பயிற்சியால் கைவரும் இத்திறனை இக்காலத்தார் ஒரு கருவிக்கும் கற்பித்துள்ளனர். ஓடும் ஊர்தியின் கூரைமேல் இருந்துகொண்டு, வானிலுள்ள செயற்கைக்கோளை இமைப்பொழுதும் விடாது நோக்கும் ஆண்டெனாவே அக்கருவி.

இத்தகைய கருவியால் விளையும் பயன் யாது? 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான ஒரு நாளில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையால், தொடர்வண்டிகள் பல நிறுத்தப்பட்டன. இத்தகைய பேரிடர்க் காலங்களில் மின்சாரம் அற்றுப்போனால், செல்பேசிக் கோபுரங்களும் சில மணி நேரத்தில் ஊமையாகிவிடும். படகு வேண்டும், மருந்து வேண்டும் என்று கூற வாயிருந்தும் வழியிராது. அந்நிலையில், தரையிலுள்ள கம்பியையும் கோபுரத்தையும் நம்பாது, வான்வழியே பேச வல்ல ஊர்தி ஒன்று ஊருக்குள் வருமாயின் அதுவே உயிர் காக்கும் துணையாகும். ஊர்தியை நிறுத்திய பின்னரே பேசலாம் என்னாது, செல்லும்போதே பேசக்கூடுமாயின் அதன் பயன் பன்மடங்காகும்.

செய்தித் தொடர்புக்குரிய செயற்கைக்கோள்கள் பல, நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலத்தில் அவையும் ஒருமுறை சுற்றிவருதலின், நமக்கு அவை அசையாது நிற்பனபோல் தோன்றும். குடை இராட்டினத்தில் சுற்றிவரும் இரு சிறுவர், ஒருவருக்கொருவர் இடம் மாறாது தோன்றுவதனை இதற்கு ஒப்பிடலாம். 2020-ஆம் ஆண்டில் செலுத்தப்பட்ட இந்தியாவின் ஜிசாட்-30 என்னும் செயற்கைக்கோளுக்குக் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகைக்கு மேல் இடம் குறிக்கப்பட்டது. விழுப்புரத்தில் நின்று அவ்விடத்தை நோக்குவோர், தென்திசையினின்று சிறிது கிழக்கே திரும்பி, அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 75 பாகை அண்ணாந்து பார்த்தல் வேண்டும். வீட்டு மாடியில் உள்ள டிஷ் ஆண்டெனாவை ஒருமுறை குறிபார்த்துத் திருகாணியை இறுக்கிவிட்டால் போதுமானது. ஊர்திக்கோ அஃது இயலாது.

ஊர்தி விழுப்புரத்தை விட்டுத் திண்டிவனம் சேர்வதனால் குறி பெரிதும் மாறிவிடும் என்று கருதுவீராயின், அது பிழையாகும். இவ்விரண்டு ஊர்க்கும் இடைப்பட்ட தொலைவு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. செயற்கைக்கோளின் தொலைவை நோக்க, இது மிகச் சிறிது. ஆதலின் அவ்வளவு வழி சென்றும் குறி அரைப் பாகைகூட மாறுவதில்லை. ஆனால் அதே ஊர்தி ஒரு தெருமுனையில் திரும்புமாயின், சில நொடிகளில் 90 பாகை மாறிவிடுகின்றது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினும் பல பாகை சாய்கின்றது. எனவே, ஆண்டெனாவுக்கு இடர் செய்வது நெடும்பயணம் அன்று. திருப்பமும் குலுக்கலுமே ஆகும்.

அதற்கு வேண்டும் நுட்பமோ பெரிது. முழுநிலவின் அகலம் வானத்தில் அரைப் பாகை அளவினது. அலைகளை அனுப்பும் ஆண்டெனாவின் பிழை, ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கிற்குள் அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பர். அஃதாவது நிலவின் அகலத்தில் பாதியும் ஆகாது! குண்டும் குழியுமான சாலையில் இதனைக் காப்பது எங்ஙனம்?

முதலாவதாக, ஊர்தி எவ்வளவு திரும்பியது, எப்புறம் சாய்ந்தது என்பனவற்றைக் கைரோ என்னும் உணர்கருவிகள் நொடிக்குப் பல நூறு முறை அளந்து கூறுகின்றன. நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும் இத்தொழிலையே செய்கின்றன. அதனாலன்றோ நடந்துகொண்டே கடைப்பலகையின் எழுத்தை நாம் படிக்க முடிகின்றது! இரண்டாவதாக, ஊர்தி நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் முதலிய இடங்காட்டி முறைகள் தெரிவிக்கின்றன. இவ்விரண்டையும் கொண்டு கணிப்பொறி உரிய திசையைக் கணிக்க, மோட்டார்கள் தட்டினை எதிர்ப்புறம் திருப்புகின்றன.

எனினும் கைரோவின் கணக்கில் சிறுபிழை சிறிதுசிறிதாகச் சேரும். அதனைக் களைதற்கு, தட்டு குறியைச் சுற்றி மிகச் சிறிய வட்டமிட்டுப் பார்க்கின்றது. எப்புறத்தில் அலை வலிமையுடன் வருகின்றதோ, அப்புறமாகத் தன் நோக்கைத் திருத்திக்கொள்கின்றது. புளியமர நிழலிலோ பாலத்தின் அடியிலோ அலை மறைந்தால், கைரோவின் துணைகொண்டு முன்னைய திசையை நினைவில் வைத்துக் காத்திருக்கின்றது.

நம் பகுதிக்குத் தனி இடர்ப்பாடும் ஒன்று உண்டு. உச்சிக்கு நேரே பறக்கும் பறவை சிறிது பின்னோக்கிச் சென்றாலும், அதனைக் காண நாம் உடல் முழுவதையும் திருப்ப வேண்டியுள்ளது. அவ்வாறே, இங்குச் செயற்கைக்கோள் உச்சியை அடுத்திருத்தலின், ஊர்தி சிறிது சாய்ந்தாலும் தட்டு விரைந்து சுழல நேரும். ஆதலின் மூன்றாவதாக ஓர் அச்சையும் சேர்த்து அமைப்பதுண்டு. தட்டே அசையாத முறையும் இக்காலத்தில் வந்துள்ளது. அணிவகுப்பில் ஒருமுனையினர் மெல்ல அடிவைக்க, மறுமுனையினர் விரைந்து நடந்தால் அணி முழுதும் திரும்புகின்றது அன்றோ? அதுபோல, ஒரு பலகையில் பதித்த பல சிற்றாண்டெனாக்கள் சிறு கால வேறுபாட்டுடன் அலைகளை விடுமாயின், பலகை அசையாமலே அலை வேண்டிய திசையில் திரும்பும்.

இவை யாவற்றினும் போற்றத்தக்க இயல்பு ஒன்று இக்கருவிக்கு உண்டு. குறி தவறிய ஆண்டெனா தொடர்ந்து அலைகளை அனுப்பினால், அவை பக்கத்துச் செயற்கைக்கோளைச் சென்றடைந்து, பிறர் பேச்சைக் குலைத்துவிடும். ஆதலின் பிழை குறித்த எல்லையைக் கடந்தவுடன், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் அது வாய் மூடுதல் வேண்டும் என்று விதித்துள்ளனர். குறி மீண்டும் கைகூடிய பின்னரே அது பேசும்.

மாணவர்களே, நேர்மை என்பது ஒருமுறை இறுக்கிவிட்ட திருகாணி அன்று. வாழ்க்கைச் சாலையில் திருப்பமும் பள்ளமும் வருந்தோறும் நம் நோக்கை நாமே திருத்திக்கொள்ளல் வேண்டும். வழி தவறியதை உணர்ந்தபோது, பிறர்க்கு ஊறு விளையாவண்ணம் நாவினை அடக்குதலும் வேண்டும். கூரைமேல் ஓயாது அசைந்துகொண்டே, தன் நோக்கில் அசையாதிருக்கும் அந்த ஆண்டெனா இதனை நமக்குச் சொல்லாமற் சொல்லுகின்றது.