மேட்டர்ஹார்னும் ஒரு கயிறும்

சுவிட்சர்லாந்து நாட்டில், ஆல்ப்ஸ் மலையில், செர்மாட் என்று ஒரு சிற்றூர். பெட்ரோல் கார் ஊருக்குள் வரக்கூடாது. மலையைப் பார்க்க நடந்தும் போகலாம். பாதையில் மஞ்சள் பலகைகள் உண்டு. எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கும்.

ஊருக்கு மேலே மேட்டர்ஹார்ன் சிகரம். உயரம் 4,478 மீட்டர். 1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள். கயிற்றால் ஒருவரோடு ஒருவர் பிணைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஒருவருக்குக் கால் வழுக்கியது. அவரோடு மூவர் சரிந்தார்கள். கயிறு அறுந்தது. நால்வரும் இறந்தார்கள்.

பிழைத்த மூவரில் இருவர் செர்மாட் வழிகாட்டிகள். தகப்பனும் மகனும். தகப்பன்தான் கயிற்றை அறுத்தார் என்று பேச்சு எழுந்தது. பாவம்! விசாரணையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. அறுந்தது இருந்ததிலேயே மெல்லிய கயிறு. உறுதியான கயிறும் அவர்களிடம் இருந்தது. அறுந்த துண்டைச் செர்மாட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.